பாட்டைப் பகிர்ந்தால் போதாது, வாங்கவும் வேண்டும்

2025ஆம் ஆண்டின் நடுவில், ‘தி வெல்வெட் சன்டவுன்’ என்ற ராக் குழுவின் பாடல்களை ஸ்பாட்டிஃபை செயலியில் மாதம் பத்து லட்சம் பேருக்கு மேல் கேட்டார்கள். குழுவில் இருப்பதாக நான்கு பேரின் பெயர்களும் படங்களும் வந்தன. சில வாரங்களில் விஷயம் வெளியே தெரிந்தது. குரல், வாத்தியம், படம் எல்லாமே செயற்கை நுண்ணறிவைக் கொண்டு செய்தவை. அப்படி நான்கு பேர் எங்கும் இல்லை. கேட்டவர்களில் பலர் அந்தப் பாட்டைத் தேடிப் போனவர்கள் அல்லர். தானாக ஓடும் பட்டியலில் அது வந்தது, காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

எங்கோ நடந்தது என்று இதை விட்டுவிட முடியாது. நம் கைபேசியில் அடுத்து எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்று முடிவு செய்வது யார்? அந்தப் பாட்டுக்கான பணம் யாருக்குப் போகிறது? இந்த இரண்டு கேள்விகளும் பாட்டுக் கேட்கும் எல்லோரையும் தொடுபவை.

இரண்டுக்கும் நம்மால் முடிந்த ஒரு பதில் உண்டு. ரசனை அறிந்த நண்பர் சொல்லும் பாட்டைக் கேட்பது. பிடித்துவிட்டால் அதை ஆக்கியவரிடமிருந்து விலை கொடுத்து வாங்குவது. இவ்விரண்டும் சேர்ந்த பழக்கத்தைத் தமிழ் ரசிகர்கள் இப்போதே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம்

பிரான்ஸைச் சேர்ந்த டீசர் என்ற பாட்டுச் செயலி, தன்னிடம் வந்து குவியும் பாட்டுகளில் எத்தனை செயற்கை நுண்ணறிவால் ஆனவை என்று கணக்கெடுத்து வெளியிட்டுவருகிறது. 2025 ஜனவரியில் நாளொன்றுக்குச் சுமார் 10,000. அதே ஆண்டு நவம்பரில் 50,000. அதாவது, அன்றாடம் வந்து சேரும் பாட்டுகளில் மூன்றில் ஒன்று. ஸ்பாட்டிஃபை நிறுவனம் பன்னிரண்டு மாதங்களில் ஏழரைக் கோடி போலிப் பாட்டுகளை நீக்கியதாக 2025 செப்டம்பரில் அறிவித்தது.

தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் செயற்கை நுண்ணறிவு மூலம் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதையும், உரிய தொகை கொடுத்ததையும் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதில் யார் குரல், யார் பொறுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும்.

பெயர் இல்லாமல் குவியும் பாட்டுகளின் சங்கதி வேறு. அவற்றுக்குப் பின்னால் பொறுப்பேற்க ஆள் இல்லை. ஆனால், மொத்த வருமானத்தில் அவற்றுக்கும் ஒரு பங்கு போகிறது. அந்தப் பங்கு, வாடகை அறையில் உட்கார்ந்து மெட்டுப் போட்டு, கடன் வாங்கிப் பாட்டைப் பதிவுசெய்த ஓர் இளைஞரின் பங்கிலிருந்து கழிகிறது.

செயலி எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

பாட்டுச் செயலிக்கு நம் ரசனை தெரியும் என்று நினைக்கிறோம். அதற்குத் தெரிவது நம் விரல் அசைவு மட்டும்தான். எந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்டோம், எதைப் பாதியில் தள்ளினோம், நம்மைப் போலவே கேட்ட மற்றவர்கள் அடுத்து எதைக் கேட்டார்கள் என்று கூட்டிக் கழித்து அது ஒரு பட்டியல் போடுகிறது.

இதனால் ஏற்கெனவே பலர் கேட்ட பாட்டு இன்னும் பலரிடம் போகிறது. இதுவரை யாரும் கேட்காத பாட்டு, யாரிடமும் போகாமலே கிடக்கிறது. தமிழில் இந்தப் பாதிப்பு அதிகம். பெரிய படத்தின் பாட்டு வெளியாகும் நாளில் விளம்பரம், குறுங்காணொளிகள், தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து அதற்குக் கேட்பைக் கூட்டுகின்றன. செயலி அதைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் அதையே நீட்டுகிறது. அதே நாளில் கோவையிலோ பட்டுக்கோட்டையிலோ ஒருவர் தனியாகப் பாடி வெளியிட்ட ஆல்பம் கண்ணில் படுவதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்பாட்டிஃபை 2020இல் ‘டிஸ்கவரி மோட்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தானாக ஓடும் பட்டியல்களில் தங்கள் பாட்டு கூடுதலாக வர வேண்டும் என்று விரும்பும் கலைஞரோ நிறுவனமோ, அந்தக் கேட்புகளுக்கான ராயல்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். ‘உங்களுக்காக’ என்று வரும் பாட்டு, தள்ளுபடிக்கு ஒப்புக்கொண்டதாலும் நம்மிடம் வந்திருக்கலாம். கேட்பவருக்கு அது தெரிவதில்லை.

நண்பர் ஒருவர் பாட்டு அனுப்பினால், அவர் ஏன் அனுப்பினார் என்று கேட்கலாம். மோசமான பாட்டாக இருந்தால் திட்டலாம். அடுத்த முறை அவர் கவனமாக அனுப்புவார். பரிந்துரை என்பது பரிந்துரைப்பவர் தன் பெயரைப் பணயம் வைக்கும் காரியம். செயலிக்குப் பணயம் வைக்க ஒன்றும் இல்லை.

உங்கள் நூறு ரூபாய் போகும் வழி

மாதக் கட்டணம் கட்டுகிறவர்கள் பலர், தாங்கள் கேட்கும் பாடகருக்கு அந்தப் பணம் போவதாக நம்புகிறார்கள். பெரும்பாலான செயலிகளில் நடைமுறை வேறு. எல்லோரின் கட்டணமும் ஒரே நிதியில் சேர்கிறது. செயலி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. மிச்சம், அந்த மாதம் ஓடிய மொத்தக் கேட்புகளின் விகிதப்படி பிரிக்கப்படுகிறது.

நீங்கள் மாதம் முழுக்க ஒரே ஒரு தவில் கலைஞரை மட்டும் கேட்டிருக்கலாம். ஆனாலும் உங்கள் பணத்தின் பெரும்பகுதி, நாட்டில் அதிகம் ஓடிய திரைப்பாடல்களின் உரிமையாளர்களுக்கே போகும். ஒருவர் கட்டிய பணம் அவர் கேட்ட கலைஞர்களுக்கே போகும் முறையை சவுண்ட்கிளவுட் 2021இல் தொடங்கியது. பெரிய செயலிகள் அந்த வழிக்கு இன்னும் வரவில்லை.

2024 முதல் ஸ்பாட்டிஃபை இன்னொரு விதியையும் வைத்திருக்கிறது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. போலிக் கணக்குகளைத் தடுக்க இது தேவை என்று நிறுவனம் சொல்கிறது. ஆனால் 900 முறை உண்மையாகக் கேட்கப்பட்ட ஒரு நாட்டுப்புறப் பாடலுக்கும் கிடைப்பது பூஜ்யம்தான்.

நம் நாட்டில் கட்டணம் கட்டுபவர்களும் குறைவு. ஃபிக்கி-இஒய் அறிக்கையின்படி, 2023இல் இந்தியாவில் இணையத்தில் பாட்டுக் கேட்டவர்கள் சுமார் பதினெட்டரைக் கோடி. பணம் கட்டியவர்கள் ஒரு கோடியை எட்டவில்லை. இலவசமாகக் கேட்கும் பெருங்கூட்டத்துக்காக வரும் விளம்பர வருமானம் சொற்பம். அதனால் ஒரு கேட்புக்குக் கலைஞருக்குக் கிடைப்பது பைசாக் கணக்கில்தான்.

கோடிக்கணக்கானோர் பார்த்தால் நிலைமை மாறிவிடுமா? 2021இல் வெளியாகி உலகெங்கும் போய்ச் சேர்ந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலால் தனக்கோ, பாடகி தீக்கோ, எழுதிப் பாடிய அறிவுக்கோ வருமானம் எதுவும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். தமிழ்த் தனியிசையின் மாபெரும் வெற்றி என்று நாம் கொண்டாடிய பாட்டின் கதையே இப்படி என்றால், ஆயிரம் பேர் கேட்கும் பாட்டை ஆக்கியவர் எதை நம்பி அடுத்த பாட்டுக்கு உட்காருவார்?

இப்போது இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் ஆல்பத்தை 300 ரூபாய் வீதம் நூறு பேர் நேரடியாக வாங்கினால் 30,000 ரூபாய். விற்கும் தளத்தின் கழிவு, பணப் பரிமாற்றச் செலவு எல்லாம் போக நூற்றுக்கு எண்பது ரூபாய் கலைஞருக்குப் போனாலும் 24,000 ரூபாய். நூறு பேர் என்பது ஒரு சுமாரான வாட்ஸ்அப் குழு.

வாடகைப் பாட்டு

செயலியில் நாம் சேர்த்துவைத்திருக்கும் பட்டியல் நம்முடையது அல்ல. கட்டணம் கட்டும்வரை, செயலி இருக்கும்வரை, உரிமையாளரோடு அதன் ஒப்பந்தம் நீடிக்கும்வரை மட்டுமே அது நம்மிடம் இருக்கும்.

2019இல் சரிகமா நிறுவனத்துக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் உடன்பாடு ஏற்படாமல், அதன் பாடல்கள் அந்தச் செயலியிலிருந்து எடுக்கப்பட்டன. பழைய எச்எம்வி இசைத்தட்டுகளின் உரிமை சரிகமாவிடம் இருப்பதால், தமிழ்த் திரையிசையின் பொற்காலப் பாடல்களில் ஏராளமானவை அப்போது கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு உடன்பாடு ஏற்பட்ட பிறகே அவை திரும்பின. 2023இல் ஜீ மியூசிக் பாடல்களுக்கும் இதே கதி வந்தது.

செயலிகளே மூடப்படுவதும் உண்டு. ரெஸ்ஸோ 2024 ஜனவரி இறுதியோடு இந்தியாவில் நின்றது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக் மூடப்படும் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. விங்கில் கண்ணதாசன் பாடல்களை ஆண்டுக்கணக்காகத் தேடித் தேடிச் சேர்த்திருந்த பெரியவர்களைப் பலரும் அறிவோம். புதுச் செயலியில் மறுபடி முதலிலிருந்து தேட அவர்களுக்குப் பொறுமையும் இல்லை, சொல்லித்தர வீட்டில் ஆளும் இல்லை.

வாங்கித் தரவிறக்கிய கோப்பு அப்படிப் போகாது. கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் எந்த நிறுவனம் மூடினாலும் பாட்டு நம் வீட்டில் இருக்கும். பேரப்பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

ஆள் வழியாக வந்த பாட்டு

பாட்டு ஆளிடமிருந்து ஆளுக்குப் போவது நமக்குப் புதிதில்லை. இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் அறிமுகம் செய்த பாட்டுகளைத் தென் தமிழகம் முழுவதும் காத்திருந்து கேட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ரிக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்தால், 60 நிமிடக் கேசட்டிலோ 90 நிமிடக் கேசட்டிலோ பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் மிச்சமிருந்தால், கடைக்காரர் தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவார். எத்தனையோ பேருக்கு அந்த மூன்று நிமிடம்தான் ஒரு புதிய இசையமைப்பாளரை அறிமுகம் செய்தது.

அந்தக் காலத்தை அப்படியே போற்றவும் முடியாது. அங்கே நாம் கொடுத்த பணம் கேசட்டுக்கும் கடைக்காரருக்கும்தான். இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் பாடியவருக்கும் ஒரு காசும் போகவில்லை. திரைப்பாடலை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி உரிமை, 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே உறுதியானது.

அன்றைக்குப் பரிந்துரை நன்றாக இருந்தது, பணம் உரியவருக்குப் போகவில்லை. இன்றைக்குப் பரிந்துரையும் ஆளிடம் இல்லை, பணமும் சரியாகப் போவதில்லை. ஆனால் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்யும் வசதி முதன்முறையாக நம் கைக்கு வந்திருக்கிறது.

முகம் பார்க்காத நண்பர்கள்

இன்று அந்தக் கடைக்காரரின் இடத்தில் இணைய நண்பர்கள் இருக்கிறார்கள். நான் இருக்கும் குழு ஒன்றில் தூத்துக்குடியில் வேலைபார்க்கும் ஆசிரியர் இருக்கிறார், கோலாலம்பூரில் டாக்ஸி ஓட்டுபவர் இருக்கிறார், ஜெர்மனியில் குடியேறிய யாழ்ப்பாணத்துக்காரர் இருக்கிறார். பெரும்பாலானவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் யாருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று தெரியும்.

யாழ்ப்பாணத்து நண்பர் லிங்க்கை மட்டும் அனுப்பிவிட்டுப் போகிறவர் இல்லை. பறையும் கிதாரும் சேர்ந்த ஒரு பாட்டை அனுப்பியபோது இப்படி எழுதினார்: “முதல் ரெண்டு நிமிசம் பொறுத்துக் கேளுங்கோ. பறை வந்து சேரேக்கைதான் பாட்டு துவங்குது. பிடிக்காட்டி ஏன் எண்டு சொல்லுங்கோ.” செயலியில் அந்தப் பாட்டு வந்திருந்தால் முப்பது விநாடியில் அடுத்ததற்குப் போயிருப்பேன். அவர் சொன்னதற்காகக் காத்திருந்தேன். இரண்டாவது நிமிடம் பறை விழுந்தது. அன்று இரவே அந்த ஆல்பம் முழுவதையும் கேட்டேன், பிறகு வாங்கினேன்.

எங்கே கவனிக்க வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், இதற்கு முன் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லித் தருபவரால்தான் புதிய இசை காதுக்குள் போகும். கானா, பறை, ராப், ராக் என எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ போன்ற குழுவின் பாட்டை, பின்னணி தெரியாதவரிடம் சும்மா நீட்டினால் பாதிதான் புரியும். வடசென்னையின் மரண கானா பற்றித் தெரிந்த நண்பர் இரண்டு வரி எழுதி அனுப்பினால் முழுவதும் புரியும்.

நண்பர்கள் வட்டத்துக்கும் குறை உண்டு. ஒரே வயது, ஒரே ஊர், ஒரே கல்லூரி என்று சேர்ந்தவர்கள் ஒரே பாட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். குழுவில் வேறு வயதினர், வேறு ஊர்க்காரர்கள் இருப்பது அதனால் முக்கியம். அறுபது வயதுக்காரர் ஒருவரும் இருபது வயதுக்காரர் ஒருவரும் இருந்தாலே குழுவின் காது அகலமாகிவிடும்.

வாங்க நினைத்தாலும் வழி வேண்டும்

தமிழர்கள் பாட்டுக்குக் காசு கொடுக்க மாட்டார்கள் என்ற பேச்சு உண்டு. 2017இல் சரிகமா, ஐயாயிரம் பாட்டுகளை அடைத்து ‘கார்வான்’ என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. இலவசமாக எல்லாம் கிடைத்த காலத்தில் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து மக்கள் அதை வாங்கினார்கள், பெற்றோருக்குப் பரிசளித்தார்கள். நம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு பொருள் இருந்து, வாங்குவதும் சுலபமாக இருந்தால் மக்கள் வாங்குவார்கள்.

அந்த வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ‘ஃபிளைட்’ என்ற பெயரில் பாட்டு விற்கும் இணையக் கடையைத் திறந்து, 2013 ஜூனில் மூடியது. மியூசிக் வேர்ல்ட் கடைகளும் 2013இல் மூடப்பட்டன. அப்போது இந்தியாவில் யுபிஐ கிடையாது. பத்து ரூபாய்ப் பாட்டுக்குக் கார்டு எண்ணைத் தட்டச்சு செய்ய யாரும் தயாராக இல்லை.

உலக அளவில் கலைஞரிடமிருந்து நேரடியாக வாங்க 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் என்ற தளம் இருக்கிறது. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றச் செலவு போக மீதி கலைஞருக்கு. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 20 அன்று, தன் பங்கை வாங்காமல் விட்டது. அந்த ஒரு நாளில் மட்டும் ரசிகர்கள் 43 லட்சம் டாலருக்குப் பாட்டும் பொருட்களும் வாங்கினார்கள்.

அங்கே ஓர் ஆல்பத்தின் பக்கத்தில், அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாக இருக்கும். ஏன் பிடித்தது என்று சிலர் ஒரு வரி எழுதியிருப்பார்கள். ஒருவரின் படத்தைத் தொட்டால், அவர் வாங்கிய மற்ற ஆல்பங்களையும் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கியவரின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு அங்கே கண்கூடாகத் தெரியும்.

ஆனால் அந்தத் தளம் கலைஞருக்குப் பணம் அனுப்புவது பேபால் வழியாக. பேபாலோ, இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றங்களை 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. டொரன்டோவில் இருக்கும் தமிழர் சென்னைக் கலைஞரின் ஆல்பத்தை எளிதாக வாங்கலாம். அடுத்த தெருவில் இருக்கும் ரசிகர் வாங்கப்போனால் சிக்கல். வெளிநாட்டுக் கலைஞரிடமிருந்து வாங்கவும், வங்கிச் செயலிக்குள் போய் நம் கார்டில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை இயக்கிவைக்க வேண்டும். 2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகளில் அந்த வசதி மூடியே வருகிறது. பலர் இது தெரியாமல், பணம் போகவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தளத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. 2022இல் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது, 2023இல் இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறியது, ஊழியர்களில் சுமார் பாதிப் பேர் வேலையிழந்தார்கள். எங்கே வாங்கினாலும் கோப்பை உடனே தரவிறக்கி வைப்பது நல்லது.

எல்லோராலும் வாங்க முடியுமா?

மாதக் கடைசியில் கைபேசிக்கு ரீசார்ஜ் செய்யவே யோசிக்கும் குடும்பத்தாரிடம் ஆல்பம் வாங்குங்கள் என்று சொல்வது நியாயமில்லை. அவர்கள் இலவசமாகக் கேட்கட்டும். வாங்குங்கள் என்று நான் கேட்பது, வாரம் ஒரு முறை ஓட்டலில் சாப்பிடும் வசதி உள்ளவர்களிடம். குழுவில் பத்துப் பேரில் மூன்று பேர் வாங்கினாலே போதும்; கலைஞரின் கணக்கில் அது பெரிய வித்தியாசம்.

ஆனால் வசதி உள்ளவர்கள், ஆல்பத்தின் கோப்புகளை மொத்தமாக எடுத்து டெலிகிராமில் ஏற்றி ‘நண்பர்களுக்காக’ என்று விநியோகிப்பது பகிர்தல் ஆகாது. பெரிய பட நிறுவனத்துக்கு அது சிறு நஷ்டம். தனியாக ஆல்பம் போட்டவருக்கு அதுவே முழு நஷ்டம். கேட்கக் கூடிய லிங்க்கை அனுப்புங்கள், கோப்பை அனுப்பாதீர்கள்.

என்ன செய்யலாம்?

ரசிகர்கள்: மாதம் ஓர் ஆல்பமோ இரண்டு பாட்டோ வாங்குவது என்று வைத்துக்கொள்ளலாம். கச்சேரிக்குப் போனால் வாசலில் சிடியோ பென் டிரைவோ விற்கிறார்களா என்று பார்க்கலாம். மேடை முடிந்ததும் கலைஞரிடம், “உங்கள் பாட்டை எங்கே வாங்கலாம்?” என்று கேட்கலாம். பலர் கேட்டால் அவர்களே ஒரு வழி செய்வார்கள்.

குழுக்கள்: பாட்டை அனுப்பும்போது பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களையும், எங்கே வாங்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுவதை விதியாக்கலாம். எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி போதும். பெயரே கண்டுபிடிக்க முடியாத, மேடை ஏறியதற்கான தடயமே இல்லாத குழுவின் பாட்டு என்றால் அனுப்புமுன் கொஞ்சம் தேடிப் பார்க்கலாம். நாளுக்கு இருபது பாட்டு அனுப்புவதைவிட வாரத்துக்கு ஒரு பாட்டை எல்லோரும் சேர்ந்து கேட்டுப் பேசுவது பயன் தரும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஐம்பது பேர் ஆளுக்கு 500 ரூபாய் போட்டால் 25,000 ரூபாய். கல்யாண வீட்டுக் கைபேசிப் பதிவுகளில் மட்டுமே கேட்கக் கிடைக்கும் ஒரு நாகஸ்வரக் கலைஞரையோ, ஊர்க் கொடையில் பாடும் வில்லுப்பாட்டுக் குழுவையோ முறையாக ஒலிப்பதிவு செய்ய அது நல்ல தொடக்கம். பணம் போட்ட ஐம்பது பேரும் முதல் வாங்குநர்கள்.

கலைஞர்கள்: ஒவ்வொரு பாட்டின் விவரக் குறிப்பிலும் வாங்கும் வழியை முதல் வரியில் போடுங்கள். யுபிஐ கியூஆர் குறியும் தரவிறக்க லிங்க்கும் இருந்தால் நேரடியாக விற்றுவிடலாம். குறைந்தபட்ச விலை ஒன்றை வைத்து, அதற்கு மேல் விருப்பம்போல் கொடுக்கலாம் என்று விடுங்கள். பாடல் வரிகள், வாசித்தவர்கள் பெயர்கள், பதிவுசெய்த விவரம் கொண்ட நாலு பக்கக் குறிப்பை வாங்குகிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

தொழில்நுட்ப இளைஞர்கள்: காய்கறிக் கடையில் பத்து ரூபாயை யுபிஐயில் வாங்கும் நாடு இது. யுபிஐ வழியாகப் பாட்டு விற்கும், வாங்கியவர்கள் கருத்து எழுதக்கூடிய, தமிழில் இயங்கும் கடை ஒன்றைக் கட்டுவது முடியாத காரியம் இல்லை. 2013இல் இல்லாத வசதி இன்று இருக்கிறது.

செயலிகள்: செயற்கை நுண்ணறிவால் ஆன பாட்டுக்கு, பெயருக்குப் பக்கத்திலேயே அடையாளம் போட வேண்டும். டீசர் 2025இல் இதைத் தொடங்கிவிட்டது. ராயல்டியை விட்டுக்கொடுத்துப் பட்டியலில் இடம்பிடித்த பாட்டு எது என்பதையும் சொல்ல வேண்டும். பயனாளர் கட்டிய பணம் அவர் கேட்ட கலைஞருக்கே போகும் முறையை இந்தியாவில் சோதித்துப் பார்க்கலாம்.

அரசு: செயற்கையாக உருவாக்கிய உள்ளடக்கத்துக்கு அடையாளம் இடும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025 அக்டோபரில் வெளியிட்டது. பாட்டுச் செயலிகளும் இத்தகைய விதிகளுக்கு உட்பட்டு நடப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

மாநில அரசு செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நூலக ஆணை மூலம் அரசு நூல்களை வாங்குவதால்தான் தமிழில் எத்தனையோ சிறு பதிப்பாளர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். அதே ஏற்பாட்டை இசைக்கும் கொண்டுவரலாம். ஆண்டுதோறும் தனியிசை, நாட்டுப்புற இசை, தமிழிசை ஆல்பங்களைத் தேர்ந்தெடுத்து உரிய விலைக்கு வாங்கி, சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், மாவட்ட மைய நூலகங்கள் ஆகியவற்றில் ஹெட்போனோடு ஒரு மூலை ஒதுக்கலாம். வாங்க முடியாதவர்களும் அங்கே வந்து கேட்பார்கள். தேர்வுக் குழுவில் கலைஞர்களோடு ரசிகர்களும் இருக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. இந்த வாரம் நண்பர் அனுப்பிய பாட்டை முழுசாகக் கேளுங்கள். பிடித்திருந்தால், ஆக்கியவர் யார் என்று தேடி அவருக்குப் பணம் போகும் வழியில் வாங்குங்கள். வாங்கியதை நண்பரிடமும் சொல்லுங்கள். அடுத்த பாட்டை அவர் இன்னும் பொறுப்போடு தேர்ந்தெடுப்பார். அந்தக் கலைஞரும் அடுத்த ஆல்பத்துக்குத் துணிந்து உட்காருவார்.